ஐஸ் பெட்டியில் வைத்த பேனா

எங்கள் பக்கத்தில் சுகர் இல்லாதவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். காசிமேட்டு டீக்கடையில் நாற்பது தாண்டிய முகத்தைப் பார்த்தாலே மாஸ்டர் சர்க்கரை டப்பாவைத் தள்ளி வைத்துவிடுவார். ஏலம் விடுகிறவர், வலை தைக்கிறவர், மீன் கூடை தூக்குகிற அக்கா எல்லோரும் மாத்திரை போடுகிறவர்கள். அதனால் எல்லோரும் பாதி டாக்டர்கள். எனக்குச் சுகர் என்று தெரிந்த அன்று யாரும் பதறவில்லை. சங்கத்தில் புது உறுப்பினர் சேர்ந்ததுபோல ஆளாளுக்கு வந்து வரவேற்றார்கள். வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ என்று அவரவர் சொன்ன யோசனைகளை வைத்து ஒரு நாட்டு மருந்துக் கடையே திறந்திருக்கலாம்.

அந்த யோசனைகளில் ஒன்றுதான் என்னை ஏறக்குறைய முடித்துவிட்டது. சொன்னவர் என் மேல் உயிரையே வைத்திருந்தவர். அதனால் யாரைத் திட்டுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திட்டாமல் இருக்கவும் எனக்கு வராது.

எனக்கு ஐஸ் வியாபாரம். மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் நொறுக்குகிற மிஷின் ஒன்று. ஐஸ் கம்பெனியிலிருந்து ஆள் உயரக் கட்டிகளாக, பார் பாராக வண்டியில் வந்து இறங்கும். கொக்கி போட்டு இழுத்து மிஷினில் தள்ளினால் தூளாகக் கொட்டும். கடலுக்குப் போகிற போட்டுகளுக்கு அதுதான் ஆயுள். டீசல் இருந்தாலும், மீன் பட்டாலும், ஐஸ் கரைந்துவிட்டால் கரைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். அதனால் என் ஐஸ் நன்றாக நிற்கும் என்ற பெயரைக் காப்பாற்ற நான் போடாத சண்டை இல்லை. நடுவில் ஓட்டையாக உறைந்த பாரை வண்டியிலிருந்து இறக்கவே விடமாட்டேன்.

சுகருக்குக் கொடுத்த மாத்திரை எனக்குக் கேட்கவில்லை. நான் எப்போதுமே ஒல்லி. அந்த வருடம் லுங்கி இடுப்பில் நிற்காமல் வழுக்க ஆரம்பித்தது. ஒரே மூச்சில் இழுத்த பாரை நடுவில் நின்று நின்று இழுத்தேன். தண்ணீர் கேனை விட்டு நகர முடியவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள், கூட்டக் கூட்ட நான் இளைத்தேன். வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொன்னார்கள். சோற்றையே பாதியாக்கிவிட்டேன், இன்னும் எதைக் கட்டுவது என்று எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. போட்டுகள் கரையில் கட்டிக் கிடக்கும். எனக்கும் வேலை குறைவு. அந்த ஓய்வில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா என் சீட்டுகளைப் பார்ப்பதற்கு முன் என் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தார். தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவு வந்ததும் என் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இது எல்லாருக்கும் வர்ற சுகர் இல்ல. குழந்தைங்களுக்கு வருமே, அந்த வகை. உங்களுக்கு லேட்டா, மெதுவா வந்திருக்கு. உங்க உடம்பே உங்க கணையத்த எதிரின்னு நெனச்சு அழிச்சிட்டு வருது."

"நான் இன்னா மேடம் பண்ணேன் அதுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பண்ணல. தின்னதாலயும் வரல, குடிச்சதாலயும் வரல. இன்சுலின் இன்னும் கொஞ்சம் சுரக்குது. அதுவும் ஒரு நாள் நின்னுடும். அப்புறம் ஊசி மட்டும்தான் உங்கள உயிரோட வெச்சிருக்கும். ஒரு வேளை கூட விடக்கூடாது."

'நின்னுடும்' என்ற சொல் என் காதிலேயே தங்கிவிட்டது. என் மிஷின் நின்றால் தெருமுனையிலிருந்தே எனக்குத் தெரியும். இது எனக்குள்ளேயே, சத்தமே இல்லாமல் நிற்கப் போகிறது. எப்போது என்று டாக்டராலும் சொல்ல முடியாது. பயந்துவிட்டேன். பயந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, திரும்பி வருகிற பஸ்ஸில் படிக்கட்டில் நின்றவனிடம் சண்டை போட்டேன். என் மனைவி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள்.

ஊசி என்றால் பழைய சிரிஞ்சு இல்லை. பேனா மாதிரி ஒன்று. திருகி அளவு வைத்து வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும். நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். "குத்துற பேனா வெளியிலயே இருக்கலாம். பாக்கி இருக்குற பேனாவ எல்லாம் ஃப்ரிட்ஜ் கதவுல வைங்க. ஃப்ரீசர்ல மட்டும் வெச்சிடாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. குளிரைப் பற்றி எனக்கே பாடம்.

முதல் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அது வேலை செய்தது. தாகம் அடங்கியது. கொக்கியைப் பிடித்த கையில் பழைய பிடி வந்தது. "மூஞ்சில களை வந்துகீதுயா" என்றாள் என் மனைவி. அந்தச் சில நாட்கள் நான் யாரிடமும் சண்டை போடவில்லை. கடைக்கு வருகிற கூடைக்காரப் பெண்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

அப்போதுதான் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். பெரிய விசைப்படகு ஒன்றின் டிரைவர். நான் கொட்டகை போட்ட காலத்தில் முதல் போட்டை என்னிடம் ஐஸ் வாங்க அழைத்து வந்தவர் அவர்தான். அவருக்கும் பல வருடமாகச் சுகர். எங்கள் குடும்பத்தில் முதலில் பேனா பிடித்த ஆளும் அவர்தான். டாக்டரம்மா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"சுகருன்னா சுகருதான் மாப்ள. அதுல இன்னா சின்னப் புள்ள சுகரு, பெரிய ஆளு சுகரு? டாக்டருங்கோ எதுனா ஒரு பேரு வெச்சினுதான் இருப்பாங்கோ" என்றார்.

பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அட இன்னா மாப்ள, இந்த வெய்யில்ல மருந்த பாக்கெட்ல சொருவினு சுத்துற? மீன பாக்கெட்ல வெப்பியா நீ? ஐஸ்காரன் பண்ற வேலையா இது?"

மறுநாள் காலையில் ஒரு சின்னத் தெர்மகோல் பெட்டியோடு வந்துவிட்டார். அவரே கீழே குந்தி, என் ஐஸையே அள்ளிப் போட்டுக் காட்டினார். அடியில் தூள் ஐஸ், அதன் மேல் ஒரு பிடி கல்லுப்பு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பேனாக்கள், மேலே மறுபடியும் ஐஸ், இன்னொரு பிடி உப்பு.

"சாய்ங்காலம் வரிக்கும் கரையாது பாரு. கடல்ல நான் இப்டித்தான் வெச்சிகினு கீறேன். இத்தினி வருசம் வண்டி ஓடிகினு கீதுல்ல?"

உப்பு போட்டால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும் என்பது எங்கள் தெருவில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். ஃப்ரீசர் கூடாது என்று நர்ஸ் சொன்னது எனக்கு நினைவிருந்தது. எங்கள் தொழிலில் ஃப்ரீசர் என்றால் கரண்டில் ஓடுகிற மிஷின். ஐஸ் பெட்டி ஐஸ் பெட்டிதான். "வூட்லதான் ஃப்ரிட்ஜு கீதே" என்றாள் மனைவி. எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத கரண்டை நம்பி உயிரை வைக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன். எனக்கு என் ஐஸ் மேல்தான் நம்பிக்கை. வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த பேனாக்கள் எல்லாம் கடைப் பெட்டிக்கு வந்தன. தினமும் காலையில் சாமி படத்துக்குப் பூ மாற்றுவது போல ஐஸை மாற்றி உப்பைப் போட்டேன்.

சட்டைப் பையில் இருந்த பேனா தீர்ந்தது. பெட்டியிலிருந்து அடுத்ததை எடுத்தேன். விரல் ஒட்டிக்கொள்கிற குளிர். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து குத்திக்கொண்டேன். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கேன் மறுபடியும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

விரலில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற சின்னக் கருவி காட்டிய எண் ஏறிக்கொண்டே போனது. நானாகவே அளவைக் கொஞ்சம் கூட்டினேன். அப்படியும் ஏறியது. எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். நின்றுவிட்டது. டாக்டரம்மா சொன்ன நாள் வந்துவிட்டது. உள்ளே இருந்த கொஞ்ச நஞ்சமும் அடங்கிப் போய், இனி எவ்வளவு குத்தினாலும் போதாது என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். நடக்கும் என்று சொன்னது நடந்திருக்கிறது, இதில் போய் அவரிடம் என்ன கேட்பது? அதோடு தடைக்காலம் முடிந்து எல்லா போட்டும் ஒரே நேரத்தில் கிளம்புகிற வாரம். வருடத்தில் அந்த வாரம்தான் எனக்குத் தீபாவளி. கடையை விட்டு நகரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

என் மனைவிக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. வடசென்னையில் பிறந்தவர்களுக்கு மூக்குதான் முதல் காவல். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றில் கேஸ் வந்தால் அவள் தெருவில் எல்லோருக்கும் முன்னால் ஜன்னலைச் சாத்துவாள். ஐஸ் கம்பெனியில் உறைய வைக்கிற அமோனியா துளி கசிந்தாலும் சொல்லிவிடுவாள். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள்.

"உன் வாயில பழ வாசன அடிக்குதுயா. இன்னா துன்ன?"

"ஒண்ணும் துன்னல."

"டபாய்க்காத. நல்லா கனிஞ்சு அழுவுன வாசன. ஆஸ்பத்திரிக்கு வா, போலாம்."

சோறே இறங்காமல் உட்கார்ந்திருந்தவனுக்குக் கோபம் தலைக்கேறியது. மீன் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள் என் வாயை மோந்து பார்க்க வந்துவிட்டாயா என்று கத்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன், பார்த்தும் கூப்பிடவில்லை.

மச்சானின் போட்டு கிளம்புகிற நாள் வந்தது. அவர் கொஞ்சம் காலைச் சாய்த்து நடந்து வந்தார். தடைக்காலத்தில் போட்டுக்குப் பலகை மாற்றியபோது பாதத்தில் ஆணி ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. பலகையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் காலைத் தூக்கிப் பார்த்தாராம்.

"வலியே இல்ல மாப்ள" என்று பெருமையாகச் சொன்னார். "உப்புத் தண்ணி பட்டா தானா ஆறிடும்."

அவருடைய போட்டுக்கு நானே நின்று பார் பொறுக்கினேன். வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. ஆனாலும் பொறுக்கியது நான்தான். நடுவில் ஓட்டை இல்லாத, கண்ணாடி மாதிரி உறைந்த பார்கள். மச்சான் என்பதால் கேட்டதற்கு மேலேயே ஏற்றினேன். அவருடைய பேனாப் பெட்டியையும் என் கையால் நிரப்பி, உப்பு போட்டு மூடிக் கொடுத்தேன்.

"ஐஸ் தீர்ற வரிக்கும் கரைய பாக்க மாட்டேன் மாப்ள. ஒடம்ப பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அவர் போன சில நாளில் நான் விழுந்தேன். காலையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாந்தி வந்தது. பிறகு மூச்சு பெரிது பெரிதாக வாங்க ஆரம்பித்தது. ஓடாமலே ஓடியவன் மாதிரி இருந்தது. கொட்டிக் கிடந்த தூள் ஐஸ் மேல் முகம் போய்ப் பட்டது நினைவிருக்கிறது. அது சுகமாக இருந்தது. இப்படியே கிடந்துவிடலாம் என்று தோன்றியது. இப்போது நினைத்தால் அந்தச் சுகம்தான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இரண்டு கையிலும் ஊசி. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, வாயில் பழ வாசனை அடித்தது அதனால்தான், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். அதே டாக்டரம்மா வந்தார். வீட்டில் வைத்திருக்கிற பேனாவை எடுத்து வரச் சொன்னார். என் மனைவி கடைக்குப் போய்ப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா மூடியைத் திறந்தார். விரலால் எதையோ தடவிப் பார்த்தார்.

"இது என்ன, உப்பா?"

"ஆமா மேடம், கூலிங் நிக்கறதுக்கு" என்று படுக்கையிலிருந்து நானே சொன்னேன். அந்த நிலையிலும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவர் ஒரு பேனாவை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தார். தெளிவாக இருக்க வேண்டிய மருந்தில் மெல்லிய நூல் நூலாக ஏதோ மிதந்தது.

"உறைஞ்சு உருகியிருக்கு. உறைஞ்சா இந்த மருந்து செத்துடும். வெறும் ஐஸ்ஸே ஆகாது, நீங்க உப்பு வேற போட்டிருக்கீங்க. இத்தன நாளும் ஊசிதான் குத்திட்டு இருந்திருக்கீங்க, மருந்து உள்ள போகல."

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அப்ப உள்ள அது நிக்கலியா மேடம்?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு. அது இருந்ததாலதான் இங்க வரைக்கும் வந்தீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். அடுத்த நிமிடம் மனைவியைப் பார்த்தேன். அவள் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"எங்க அண்ணாத்தயும் இப்டித்தான் வெச்சினு கீறாரு" என்றாள். "கடல்ல. பல வருசமா. அவருக்கு ஒண்ணும் ஆவலியே?"

"அவருக்கு எல்லாருக்கும் வர்ற வகையா இருக்கும். உடம்பு தானா கொஞ்சம் சுரந்து சமாளிச்சிடும், இவர மாதிரி டக்குனு விழ மாட்டாரு. ஆனா உள்ள சுகர் ஏறிட்டே இருக்கும், அவருக்கே தெரியாது. காலு மரத்துப் போயிடும், வலி கூடத் தெரியாது. கால்ல புண்ணு கிண்ணு எதுவும் இல்லியே?"

"ஆணி ஏறுன காலு" என்ற என் மனைவி, மூடியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

போட்டு ஓனர் கரையில் வைத்திருக்கிற வயர்லெஸ்ஸில் பேச அவளே போனாள். கடலில் நின்ற இன்னொரு போட்டு வழியாகச் செய்தி மாறிப் போய், ஒரு வழியாக அவர் குரல் வந்ததாம். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"சிரிக்கறாருயா. ஐஸ் கெடுக்குமா, ஐஸே கெடுத்தா அப்பால நம்ம பொழப்பு இன்னாத்துக்குன்றாரு. மீன் நல்லா பட்டுகினு கீதாம். ஐஸ் தீந்தா வரேன்றாரு."

"காலு?"

"வலியே இல்லியாம்."

ஓனரும் சொல்லிப் பார்த்தார். டிரைவர் என்பவர் கடலில் யார் சொல்லும் கேட்கிறவர் இல்லை. அதிலும் மீன் படுகிற நேரத்தில், உடம்பு முடியாமல் கிடக்கிற மாப்பிள்ளை சொன்னதற்காகத் திரும்புகிறவர் இல்லவே இல்லை.

நான் வீட்டுக்கு வந்தேன். புதுப் பேனாக்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தன. ஓடுகிற பேனா சட்டைப் பையில். உடம்பு தேறியது. கடைக்குப் போனேன். வண்டியிலிருந்து பார் இறங்கும்போது முதல் தடவையாக எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவரோடு அதே நாளில் கிளம்பிய போட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தன. ஐஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கே வந்தார்கள். அவர் போட்டு மட்டும் வரவில்லை. அவருக்குத்தான் நான் பொறுக்கி எடுத்த பார். அவருக்குத்தான் கேட்டதற்கு மேல். வெயில் ஏறுகிற நேரமெல்லாம் கொட்டகை வாசலில் நின்று, அந்தப் போட்டுக்குள் இருக்கிற என் ஐஸ் கரையட்டும், சீக்கிரம் கரையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இத்தனை வருட வியாபாரத்தில் அப்படி ஒரு வேண்டுதல் நான் வைத்ததில்லை.

மனைவி சாப்பாடு கொண்டு வந்தாள். இறக்கி வைத்த பார்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்யா அவருக்கு அவ்ளோ நல்ல ஐஸா குட்த்த?" என்றாள்.

அவள் திட்டவில்லை, கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. கொக்கியை எடுத்து அடுத்த பாரை மிஷினுக்கு இழுத்தேன்.

போட்டு வந்த அன்று இருவரும் துறைமுகத்தில் நின்றிருந்தோம். மீன் நாற்றம், டீசல் நாற்றம், வலை காய்கிற நாற்றம் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிற இடம் அது. போட்டைக் கயிறு போட்டுக் கட்டுவதற்கு முன்பே என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள். அப்புறம்தான் எனக்கும் அந்த நாற்றம் வந்தது. இரண்டு பேர் தாங்கி அவரை இறக்கினார்கள். காய்ச்சலில் கண் செருகியிருந்தது. துணி சுற்றிய பாதத்தில் விரல்கள் கறுத்திருந்தன. மீன் கூடை ஏற்றுகிற வண்டியில் படுக்க வைத்துத்தான் கேட்டுக்கு வெளியே கொண்டு போனோம்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அப்படியும் ஆளைக் காப்பாற்றியது பெரிய விஷயம் என்றார் டாக்டர். இனி போட்டில் ஏற முடியாது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கும்.

வார்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்திருந்தேன். எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. பெட்டி அவர் கொடுத்தது, ஐஸ் நான் கொடுத்தது. அவர் கண் என் சட்டைப் பையில் இருந்த பேனா மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என் முகத்துக்கு வந்தது. என்னைத் தேற்ற ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஐஸ் சோக்கா நின்னுச்சு மாப்ள. கரைக்கு வர சொல்லோ கூட பாக்கி இருந்துச்சு."